ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே பள்ளிக்கூடமா?

பெரம்பலூர், அரியலூர் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்

ஐந்து விரலும் ஒன்றுபோல் இருப்பது இல்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் அப்படித்தான்.

மூத்தவளுக்கு ஒருமுறை சொன்னால் போதும், மனத்தில் பதிந்துவிடும். அடுத்தவனுக்குப் பத்து முறை சொன்னாலும் எழுத்து ஏறாது. கடைக்குட்டியோ யாரைக் கண்டாலும் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும்.

இதைப் பெற்றோர் நன்றாக அறிவார்கள். ஆனால், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

"அக்காள் படித்த பள்ளிக்கூடம்தானே? தம்பியையும் அங்கேயே சேர்த்துவிடுவோம்" என்கிறார்கள் சிலர்.

"பையனுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம், பெண்ணுக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் போதும்" என்கிறார்கள் வேறு சிலர்.

இரண்டுமே தவறு. முதலில் பிள்ளையைப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியில் இருந்து முதல் இடத்துக்கு!

பெரம்பலூர் 1995-ஆம் ஆண்டில் திருச்சி மாவட்டத்தில் இருந்து பிரிந்தது. அரியலூர் 2001-ல் தனி மாவட்டம் ஆயிற்று. அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூருடன் சேர்க்கப்பட்டது. 2007-ல் மறுபடியும் தனி மாவட்டம் ஆயிற்று.

ஒன்று, சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பூமி. மற்றொன்று, சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டு ஆலைகளும் முந்திரிக் காடுகளும் உள்ள பூமி.

2011-ல் எடுத்த மக்கள் தொகைக் கணக்கின்போது, தமிழ்நாட்டில் 100-க்கு 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பெரம்பலூரில் 74 பேர்தான். அரியலூரில் 71 பேர்தான்.

அப்படிப் பின்தங்கி இருந்த மாவட்டங்கள் பரீட்சையில் என்ன செய்தன, தெரியுமா?

2022-ல் பிளஸ் 2 தேர்வில் பெரம்பலூர் மாநிலத்திலேயே முதல் இடம். 2023-ல் 10-ஆம் வகுப்புத் தேர்விலும் பெரம்பலூர்தான் முதல் இடம். 2024-ல் 10-ஆம் வகுப்பில் அரியலூர் முதல் இடம். 2025-ல் பிளஸ் 2 தேர்விலும் அரியலூர் முதல் இடம்! அங்கே 100-க்கு 98 பேருக்கு மேல் தேறினார்கள்.

எழுத்து அறியாத தாய் தந்தையர் பெற்ற பிள்ளைகள் இந்தச் சாதனையைச் செய்தார்கள். அரசாங்கப் பள்ளிகளும் இதில் பங்கு கொண்டவைதான்.

இந்தப் படிப்பு ஆசையோடு தனியார் பள்ளிக்கூடங்களும் பெருகின. காலையில் கிராமத்துச் சாலைகளில் மஞ்சள் நிறப் பள்ளிப் பஸ்கள் வரிசையாகப் போகின்றன. எந்தப் பஸ்சில் எந்தப் பிள்ளையை ஏற்றுவது என்பதுதான் இப்போது கேள்வி.

மூன்று பிள்ளைகள், மூன்று வழிகள்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா களை எடுக்கப் போகிறாள். பிள்ளைகள் மூன்று.

மூத்தவள் 10-ஆம் வகுப்பு. அரசுப் பள்ளியில் படிக்கிறாள். டாக்டர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை.

நடுப்பிள்ளை பையன். 4-ஆம் வகுப்பு. பேச்சில் கெட்டிக்காரன். ஆனால், புத்தகத்தைக் கையில் எடுத்தால் திணறுகிறான்.

கடைக்குட்டிக்கு 3 வயது நிறைந்துவிட்டது. எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும்.

அம்மாவும் அப்பாவும் சேர்த்து வைத்த பணம் கொஞ்சம் இருக்கிறது. அதை யாருக்குச் செலவு செய்வது? மூவரையும் ஒரே தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாமா?

அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையாகப் பார்ப்போம்.

மூத்தவள்: மாற்றும் முன் யோசி!

"பிளஸ் 2 படிப்புக்காவது பெண்ணை நல்ல தனியார் பள்ளியில் போடுவோம். கடன் வாங்கினாலும் பரவாயில்லை" என்று அப்பா நினைக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால், அதில் ஒரு நஷ்டம் மறைந்து இருக்கிறது.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 100-க்கு 7½ இடம் ஒதுக்கித் தமிழ்நாட்டில் 2020-ல் சட்டம் வந்தது. 2021-ல் என்ஜினீயரிங், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கடைசி 2 வருஷம் தனியார் பள்ளிக்குப் போனாலும் அந்த இடம் கை நழுவிவிடும்!

அது மட்டும் அல்ல. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் "புதுமைப் பெண்" திட்டம் 2022-ல் தொடங்கியது. பையன்களுக்கு "தமிழ்ப் புதல்வன்" திட்டம் 2024-ல் வந்தது. அரசாங்க உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் 2024-ல் இதில் சேர்க்கப்பட்டார்கள்.

டாக்டர் படிப்புக்கு "நீட்" தேர்வு எழுதியே ஆக வேண்டும். அதில் எல்லாப் பிள்ளைகளோடும் போட்டி போடுவது ஒன்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் போட்டி போடுவது வேறு ஒன்று. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் பெண்ணை மாற்றக் கூடாது.

கடன் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல புத்தகங்களுக்கும் நீட் பயிற்சிக்கும் செலவு செய்தால், பெண்ணுக்கு அதிகப் பலன் கிடைக்கலாம்.

இன்னொரு விஷயம். மெட்ரிகுலேஷன் பள்ளியில் வேறு பாடம், அரசுப் பள்ளியில் வேறு பாடம் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. சமச்சீர் கல்வி வந்தபோது, 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக்குப் பிறகு, 10-ஆம் வகுப்பு வரை இரண்டுக்கும் ஒரே பாடத் திட்டம் ஆகிவிட்டது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில்தான் பாடம் வேறு.

நடுப்பிள்ளை: மக்கு அல்ல!

இனி பையனைப் பார்ப்போம்.

கதை சொன்னால் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்கிறான். மனக்கணக்கில் புலி. கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வருகிறான். ஆனால், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் வியர்க்கிறது. "கொடு" என்பதைக் "கோடு" என்று எழுதுகிறான். கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது.

"சோம்பேறி" என்கிறார் அப்பா. "அக்காளைப் பார்!" என்கிறாள் அம்மா.

பையன் தலையைக் குனிந்துகொள்கிறான்.

இப்படிப்பட்ட ஒரு பையனைப் பற்றி 1896-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஒரு டாக்டர் எழுதினார். டாக்டரின் பெயர் பிரிங்கில் மார்கன். பையன் பெயர் பெர்சி. வயது 14.

பெர்சி விளையாட்டில் கெட்டிக்காரன். கணக்கு நன்றாக வரும். எண்களைத் தடுமாறாமல் படிப்பான். கண் பார்வையில் கோளாறு இல்லை. ஆனால், எழுத்துகளைச் சேர்த்துப் படிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி "பிரெசி" என்று எழுதினான்!

பாடத்தை எல்லாம் வாய்மொழியாகவே நடத்தினால், பள்ளிக்கூடத்தில் இவனே முதல் மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னார். அவன் வீட்டில் பிள்ளைகள் ஏழு பேர் என்பதையும் டாக்டர் குறித்து வைத்தார்.

இந்தக் குறைக்கு "டிஸ்லெக்சியா" என்று பெயர். எழுத்தைப் படிப்பதில் ஏற்படும் சிரமம் இது. அறிவுக் குறைவு அல்ல. சோம்பலும் அல்ல. 2007-ல் வந்த "தாரே ஜமீன் பர்" என்ற இந்திப் படம் இதைத்தான் காட்டியது. அந்தக் கதையில் அண்ணன் வகுப்பில் முதல் மாணவன். தம்பிக்கு எழுத்துகள் கண் முன் நடனம் ஆடும்.

பையன் இப்படித் திணறினால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி போட்டதும் நன்றாகப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளும் உண்டு. கண்ணும் காதும் சரி என்றால், மாவட்ட அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டலாம். ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள வட்டார வள மையத்தில் இதற்கென்று பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அங்கே கேட்கலாம். பொதுவாக, 8 வயதை ஒட்டி இது தெளிவாகத் தெரிய வரும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. இந்தக் கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. ஆட்டிசமும் அதில் ஒன்று. குறைபாடு 40 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு.

டாக்டர் சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். தேவைப்பட்டால், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கிடைப்பார். இதை 10-ஆம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது கேட்டு ஓடக் கூடாது. முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்.

இந்தப் பையனுக்கு எந்தப் பள்ளிக்கூடம் நல்லது?

பெரிய கட்டடமும் பளபளக்கும் சீருடையும் இவனுக்கு உதவாது. வகுப்பில் பிள்ளைகள் குறைவாக இருக்க வேண்டும். பொறுமையான ஆசிரியர் வேண்டும். தப்பு எழுதினால் நூறு முறை எழுதச் சொல்லாத பள்ளிக்கூடம் வேண்டும். அது தனியார் பள்ளியாகவும் இருக்கலாம். பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியாகவும் இருக்கலாம். இரண்டு மொழியில் எழுதப் படிக்கத் திணறும் பிள்ளையின் தலையில் மூன்றாவது மொழியையும் ஏற்ற வேண்டுமா என்றும் யோசிக்க வேண்டும்.

சேர்க்கும்போது தலைமை ஆசிரியரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். "என் பிள்ளை எழுத்தில் மெதுவாக வருவான். நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலிலேயே அந்தப் பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

கடைக்குட்டி: கட்டணம் இல்லாத இடம்

கடைசிப் பிள்ளைக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி, தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 100-க்கு 25 இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கும் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கும் ஒதுக்க வேண்டும். அவர்களுக்கு உரிய கட்டணத்தை அரசாங்கம் பள்ளிக்குக் கொடுத்துவிடும். 8-ஆம் வகுப்பு வரை இந்தச் சலுகை உண்டு.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் உள்ளவர்கள் மனுப் போடலாம். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, ஆதிதிராவிட, பழங்குடி வகுப்பினரும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும், ஆதரவற்ற பிள்ளைகளும் மனுப் போடலாம். வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் 1 கிலோ மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மனுக்கள் அதிகமாக வந்தால் குலுக்கல் நடக்கும்.

வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் இணையதளம் மூலம் மனுப் போட வேண்டும். 2025-ல் மத்திய அரசிடம் இருந்து பணம் வருவதில் தகராறு ஏற்பட்டதால், அக்டோபர் மாதம்தான் சேர்க்கை நடந்தது. ஆகவே, தேதியை விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

8-ஆம் வகுப்புக்குப் பிறகு என்ன செய்வது என்ற கவலை வேண்டாம். இந்த 25 சதவிகித இடத்தில் படித்த பிள்ளை, 9-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால், மேலே சொன்ன 7½ சதவிகித ஒதுக்கீட்டுக்கும் உரிமை உண்டு!

பணம் கேட்டால்?

பள்ளியில் சேர்ப்பதற்கு நன்கொடை வாங்கக் கூடாது என்கிறது சட்டம். மீறினால் வாங்கிய தொகையைப் போல் 10 மடங்கு வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ பரீட்சை வைத்து இடம் கொடுக்கவும் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம்.

மெதுவாகப் படிக்கிறான் என்று சொல்லி, 8-ஆம் வகுப்பு முடியும் முன் பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியேற்றவும் முடியாது. அடிக்கவும் கூடாது.

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ல் தனிச் சட்டம் வந்தது. ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில் உள்ள கமிட்டி ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணத்தை முடிவு செய்கிறது. அந்தத் தொகை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

விளம்பரப் பலகையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு நேரில் போக வேண்டும்.

2004 ஜூலை 16-ந் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், கும்பகோணத்தில், ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டார்கள். கூரை, ஓலைக் கூரை. வழி, குறுகிய வழி.

ஆகவே, மாடிப்படி எத்தனை இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று பார்க்க வேண்டும். கழிப்பறைக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். பள்ளிக்கு அங்கீகாரம் எந்த ஆண்டு வரை இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

பஸ்சையும் பார்க்க வேண்டும். பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. எல்லாப் பயணமும் சாலையில்தான். 2012-ல் வந்த விதிப்படி பள்ளிப் பஸ்சில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் உதவியாளர் இருக்க வேண்டும். வண்டி வீட்டு வாசலுக்கு எத்தனை மணிக்கு வரும்? 3 வயதுக் குழந்தை காலை 7 மணிக்குப் புறப்பட்டு மாலை 5 மணிக்குத் திரும்பினால், அது விளையாடுவது எப்போது?

"எங்கள் பள்ளியில் 100-க்கு 100 தேர்ச்சி" என்று சொன்னால், இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: "9-ஆம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் 10-ஆம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்?" பரீட்சை எழுதியவர்களை வைத்துத்தான் தேர்ச்சிக் கணக்கு. நடுவில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போன பிள்ளை அந்தக் கணக்கில் வராது. மெதுவாகப் படிக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும்.

"அவனுக்கு மட்டும் வேனா?"

பிள்ளைகளை வேறு வேறு பள்ளிக்கு அனுப்பினால் வீட்டில் சண்டை வராதா? வரும்.

"தம்பிக்கு மட்டும் வேன், பூட்ஸ், டை! நான் மட்டும் நடந்து போக வேண்டுமா?" என்று அக்காள் கேட்பாள். கேட்பது நியாயம்தான். பதில் சொல்ல வேண்டியது பெற்றோரின் கடமை.

"நீ பெண், அவன் ஆண்" என்று பதில் சொன்னால், அந்தப் புண் ஆறாது. "உனக்கு மருத்துவக் கல்லூரி இடம் கிடைக்க இந்த வழி நல்லது, அவனுக்குப் படிப்பு ஏற அந்த வழி நல்லது" என்று காரணத்தைச் சொன்னால், அவள் புரிந்துகொள்வாள். ஆனால், அந்தக் காரணம் உண்மையாக இருக்க வேண்டும்!

ஒரு பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளமாகப் போகும் பணத்தில், இன்னொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு. அக்காளுக்குப் புத்தகம், தம்பிக்குச் சிறப்புப் பயிற்சி, கடைக்குட்டிக்கு விளையாட்டுச் சாமான் என்று அந்தப் பங்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மார்க் அட்டை வரும் நாளில் ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டுப் பேசக் கூடாது. பையனின் சென்ற மாதத்து மார்க்கோடு அவனுடைய இந்த மாதத்து மார்க்கை ஒப்பிட்டால் போதும்.

ஒருமுறை சேர்த்துவிட்டோமே என்று பிடிவாதமாக இருக்கவும் வேண்டாம். ஒரு வருஷம் பார்த்து, பிள்ளை வாடினால் மாற்றிவிடலாம். ஆனால், 6-ஆம் வகுப்பு, 9-ஆம் வகுப்பு, 11-ஆம் வகுப்பு ஆகியவற்றில் மாற்றும்போது மட்டும், கிடைக்கும் சலுகை எது, போகும் சலுகை எது என்று பள்ளி மாற்றுவதற்கு முன்பே எழுதிக் கணக்குப் பார்க்க வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருக்கும்போதே, பிள்ளைகளை ஒவ்வொருவராக அருகில் உட்கார வைத்து, ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். பிள்ளை தடுமாறுவது காதுக்கே தெரிந்துவிடும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.